இழுத்துப் பார்க்கிற மேடம்

ஒரு மாசியிலிருந்து ஐப்பசி வரைக்கும் நான் முழுமனதாக நம்பிய விஷயம் இது: புதுச்சேரிக்கு நேர் கிழக்கே, கடலுக்கு அடியில், ஓர் இரும்பு ஆணி கழன்று விழுந்துவிட்டது. கழன்றதற்குக் காரணம் நான். அதை நான் கண்ணால் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. பார்க்க முடியாது என்பதுதான் அதில் விசேஷம். வீட்டைப் பூட்டினோமா என்று பஸ் கிளம்பிய பிறகு வயிற்றில் ஒன்று புரளுமே, அது எல்லோருக்கும் வருவது. திண்டிவனம் தாண்டினால் தூங்கிவிடுவோம். எனக்கு அது வெயில் காலம் முழுக்க இருந்து, காற்று காலமும் இருந்து, மழை வரும்வரை போகவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றால் எனக்கு நீச்சல் தெரியாது.

இந்தப் பயத்தை எனக்குள் நட்டுத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவர் எங்கள் மேடம். பெயரைச் சொல்லப் போவதில்லை. இதில் தன் பெயர் இருப்பது தெரிந்தால் முதலில் இந்தக் காகிதத்தை இழுத்துப் பார்ப்பார். காகிதம் தாங்காது.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கடலில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் கருவியைக் கொண்டு வருவார்கள். நீரோட்டம் எந்தப் பக்கம் திரும்புகிறது, கரையில் காணாமல் போகிற மணல் எங்கே போகிறது என்று அளக்கிற கருவி. அதற்குச் சட்டம் அடிப்பது, கயிறு கட்டுவது, மிதவை மாட்டுவது, படகில் ஏற்றிக்கொண்டு போய் அடியில் இறக்குவது, சில மாதம் கழித்துப் போய் எடுத்துக் கொடுப்பது எங்கள் பாடு. எல்லாம் நல்லபடியாக முடிந்தால் கட்டுரையில் அவர்கள் பெயர் வரும். கருவி வரவில்லை என்றால் படகில் இருக்கிற எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பி எங்களைப் பார்ப்பார்கள். ‘எங்களை’ என்றால் இரண்டு பேர். மேடம் இன்ஜினியர். நான் மீதி.

தேங்காய்த்திட்டு ஹார்பர் பக்கம், தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டுதான் எங்கள் ராஜ்ஜியம். அதற்கு முன்னால் நான் ரெட்டியார்பாளையத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தவன். கடலுக்கும் எனக்கும் இருந்த உறவு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் பீச் ரோட்டில் சுண்டல் தின்றதோடு சரி. எனக்கு நாற்பத்தைந்து வயதாகும்போது தெரிந்தவர் ஒருவர், “ஆள் எடுக்கறாங்க, கரண்டு வேல தெரிஞ்சா போதும்” என்று சொன்னதை நம்பி, சர்ட்டிபிகேட்டுகளை பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போனேன். உள்ளே சுடிதார் மேல் காக்கிக் கோட்டு போட்ட ஒரு அம்மா. ஐம்பதைத் தாண்டிய வயது. கவரை அவர் வாங்கக்கூட இல்லை. ஒரு கயிற்றின் நுனியை நீட்டினார்.

“இதப் புடிங்க.”

பிடித்தேன். மறுமுனையை அவர் இழுத்தார். முதலில் சின்னதாக ஒன்று, மறுபடி சின்னதாக ஒன்று, அப்புறம் ஒரே இழுப்பு. நான் சிமெண்டுத் தரையில் வழுக்கிக்கொண்டே அவர் காலடிக்குப் போய்ச் சேர்ந்தேன். என் ஒரு செருப்பு கிளம்பிய இடத்திலேயே நின்றுவிட்டது.

“கயித்த உடலியே நீங்க” என்றார்.

“உடலாம்னு தோணல மேடம்.”

“அது போதும். நாளைக்கு வந்துடுங்க.”

இவ்வளவுதான் இன்டர்வியூ. என் தைரியத்தைப் பார்த்து வேலை கொடுத்தார் என்று வீட்டில் சொன்னேன். பயத்தில் விரல் இறுகிப்போய்ப் பிரிக்க முடியாமல் இருந்ததை இப்போதுதான் சொல்கிறேன்.

அந்த இழுப்புதான் மேடம். சின்னதாக இரண்டு, பெரிசாக ஒன்று. முடிச்சு, சங்கிலி, கப்பி, கருவியின் காது என்று எதுவாக இருந்தாலும் அவர் கை வைத்து அப்படி இழுத்த பிறகுதான் அது அவர் கணக்கில் உண்டு. மிஷினில் வைத்து எவ்வளவு எடை தாங்கும் என்று சோதித்துச் சீட்டு ஒட்டி வந்திருக்கும். சீட்டைப் படிப்பார், சரி என்று தலையாட்டுவார், அப்புறம் இழுப்பார். நான் ஏதாவது மாட்டிவிட்டு நிமிர்ந்தால் பின்னாலிருந்து அந்தக் கேள்வி வரும்: “இழுத்துப் பாத்தியா தம்பி?” ‘நீங்க’ ஒரே வாரத்தில் ‘நீ’ ஆகிவிட்டிருந்தது. நான் “பாத்துட்டேன் மேடம்” என்பேன். வந்து மறுபடி அவரே இழுப்பார். இழுத்து முடித்துவிட்டு, “போவட்டும்” என்பார். அந்தப் ‘போவட்டும்’ வராமல் எதுவும் தண்ணீருக்குள் போனது கிடையாது.

இது ஷெட்டோடு நின்றிருந்தால் வேலை சுத்தம் என்று விட்டுவிடலாம். நிற்காது. உட்கார்ந்து பேசும்போதும் அந்தக் கை எதையாவது தேடிக்கொண்டே இருக்கும். போன் ஒயர், ஸ்கூட்டர் ஸ்டாண்டு, ஜன்னல் கொண்டி, எதிரில் இருக்கிறவர் சட்டைப் பொத்தான். நெல்லித்தோப்பில் அவர் வீட்டு வாசலில் ஆட்டோ ஏறும்போது ஒருநாள் நானும் கூட இருந்தேன். உள்ளே இருக்கிற கம்பியைப் பிடித்துச் சின்னதாக இரண்டு, பெரிசாக ஒன்று. வண்டியே ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “ஏம்மா, ஏறப் போறியா, வண்டிய வெலைக்குக் கேக்கறியா?” என்றார். மேடம் கோபப்படவில்லை. “நல்லா இருக்குது, போலாம்” என்று உட்கார்ந்துகொண்டார். ஆட்டோக்காரர் கொஞ்சம் பெருமையாகவே ஓட்டினார்.

வீராம்பட்டினம் தேருக்கு ஒருமுறை குடும்பத்தோடு போயிருந்தோம். கூட்டத்தில் மேடம் தெரிந்தார். ஜனம் மொத்தமும் வடத்தைப் பிடித்து முன்னால் இழுக்கிறது. நடுவில் ஒரே ஒரு ஆள் மட்டும் காலை ஊன்றிப் பின்பக்கமாக இழுக்கிறார். “யம்மா, தேரு அந்தப் பக்கம் போவணும்!” என்று ஒருத்தர் கத்தினார். மேடம் வடத்தில் ஒட்டுப்போட்ட இடத்தைக் காட்டி, “இந்த எடம் தாங்குமான்னு பாத்தேன், இழுங்க இழுங்க” என்று அனுமதி கொடுத்தார். தேர் கிளம்பியது.

நான் புது வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது வந்தார். சாப்பிட உட்காருமுன் நாற்காலி ஒன்றைப் போட்டு ஏறி, ஹாலில் ஓடாமல் இருந்த ஃபேனைப் பிடித்து… ஆமாம், தொங்கினார். என் மனைவி வாயில் கை வைத்துக்கொண்டாள். கட்டிக்கொடுத்த மேஸ்திரி அங்கேதான் பந்தியில் இருந்தார். அவருக்கு அன்றைக்கு வடை இறங்கவில்லை. ஃபேன் வரவில்லை. மேடம் இறங்கி, மேஸ்திரிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அந்த ஃபேனுக்கு நேர் கீழே இலை போடச் சொன்னார்.

ஏன் இப்படி என்று நான் ஒருதடவை கேட்டும் பார்த்தேன். “கீழ போயிட்டா அப்பறம் போயி கேக்க முடியாது தம்பி” என்றார். அதைச் சொல்லும்போது என் அடையாள அட்டையின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். என் தலையும் கூடப் போய் வந்தது.

இந்தக் கதைகளில் எனக்குப் பிடித்தது அவர் வீட்டுக்காரர் சொன்னது. மில்லில் இருந்தவர், மில் மூடிய பிறகு கூரியர் ஆபீசில் வேலை பார்த்தார். சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். மேடம் எதிரிலேயே சொன்னார்: “எங்க கல்யாணத்துல மொத முடிச்சு நான் போட்டேன். மத்தது எங்க அக்கா போட்டுது. மேளம் அடிச்சினு இருக்கான். இவ கையப் பின்னால கொண்டு போயி இழுத்துப் பாக்கறா! எங்க அக்கா பாத்துடுச்சு. அதுலேர்ந்து இவகூட இன்னி வரைக்கும் பேச்சு கெடையாது.”

“ஒங்க முடிச்சுதான் லூசா இருந்துது” என்றார் மேடம். “ஒங்க அக்கா போட்டது நல்லாத்தான் இருந்துது. அத நான் அப்பவே சொன்னேன். அவங்கதான் காதுல வாங்கல.”

அந்த மனிதர் ஒரு பங்குனியில், சாப்பிட்டுக் கை கழுவப் போன இடத்தில் விழுந்து போய்விட்டார். நெல்லித்தோப்பில் அந்தத் தெரு அடைத்துக்கொண்டு கூட்டம். பாடையைக் கட்டி முடித்துத் தூக்கப் போகிற நேரத்தில் மேடம் உள்ளேயிருந்து வந்தார். யாரோ பெண்கள் பிடிக்கப் போனார்கள், நிற்கவில்லை. நேராகப் போய் மூங்கிலும் கயிறும் சேர்கிற ஒவ்வொரு இடமாக உட்கார்ந்து உட்கார்ந்து இழுத்துப் பார்த்தார். சின்னதாக இரண்டு, பெரிசாக ஒன்று. மேளக்காரர்கள் தாங்களாகவே நிறுத்திவிட்டார்கள். கால்மாட்டில் ஒரு முடிச்சைத் தானே அவிழ்த்து மறுபடி போட்டார். எழுந்தார். எப்போதும் சொல்கிற அந்த வார்த்தை வரப் போகிறது என்று பயந்தேன். வரவில்லை. “இப்ப தூக்குங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் இழுக்கும்போது நான் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டேன். முதுகுக்குப் பின்னால் மட்டும் செய்தேன்.

இனி ஆணி விவகாரம்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் ஆராய்ச்சிக்காக வந்திருந்தாள். நம் கரை மணல்தான் அவளுடைய பாடம். கருவியை அடியில் வைத்து, பல மாதம் விடாமல் அளந்து எடுத்தால்தான் அவளுக்குப் பட்டம். அளந்ததெல்லாம் கருவிக்குள் இருக்கிற பெட்டியிலேயே சேரும். மேலே வந்து பெட்டியைத் திறக்கும்வரை அதில் ஒரு எண்ணைக்கூட யாரும் பார்க்க முடியாது. கருவி வராவிட்டால் அவள் படித்த வருடங்களும் கீழேயே கிடக்க வேண்டியதுதான். உதவித்தொகை அந்த வருடத்தோடு முடிகிறது. இன்னொரு தடவை கிடையாது. எங்களுக்குப் படகு ஓட்டும் வீராம்பட்டினத்து டிரைவர் அவளை முதல் நாளே “டாக்டரம்மா” என்று கூப்பிட்டார். அவள், “இன்னும் ஆகல அண்ணே” என்று சிரித்தாள்.

கருவியைத் திரும்ப எடுக்கும் முறை இப்படி. கீழே ஒரு சிமெண்டுக் கட்டை. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கொக்கி. கொக்கிக்கு மேல் கருவி. கருவிக்கு மேல் மஞ்சள் மிதவைகள். எடுக்கிற நாளன்று படகிலிருந்து தண்ணீருக்குள் ஒரு சத்தம் அனுப்புவோம். அந்தச் சத்தம் கொக்கிக்கு மட்டும் புரியும். புரிந்ததும் திறந்து கட்டையை விட்டுவிடும். மிதவைகள் கருவியைத் தூக்கிக்கொண்டு மேலே வரும். மிதவைகளையும் கருவியையும் சேர்ப்பது ஒரு சாக்கிள், அதாவது லாடம் மாதிரி வளைந்த ஓர் இரும்பு. அதன் வாயை மூடுவதற்கு ஒரு திருகாணி. நான் சொன்ன ஆணி அதுதான்.

இறக்குகிற நாளுக்குக் கொஞ்சம் முன்னால் மேடம் ஷெட்டில் புதிதாக வந்த இரும்பு ராக்கை இழுத்துப் பார்த்தார். அது வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் அவர் இழுத்து வந்த ஒரே பொருள். வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. “பாத்தியா, நான் இழுக்கலன்னா அது ஒன் மேல வுழுந்துருக்கும்” என்று எனக்கு ஆஸ்பத்திரியில் பாடம் வேறு.

மாசி மாதம், காலை. படகு கரையை விட்டதும் என் வயிறும் என்னை விட்டது. டிரைவர் என்னை ஓரமாக உட்கார வைத்து, “சாரு, அந்தப் பக்கமா எடுங்க, காத்து இந்தப் பக்கம்” என்று வழிகாட்டினார். ஆராய்ச்சிப் பெண் ஆடுகிற படகில் நின்றபடி முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். எனக்கும் ஒன்று நீட்டினாள். அந்த முறுக்கைப் பார்த்ததும் மறுபடி ஓரத்துக்கு ஓடினேன்.

நடுவில் வேலையும் பார்த்தேன். மிதவை சாக்கிளை மாட்டினேன். ஆணியைத் திருகினேன், ஸ்பேனர் போட்டு இறுக்கினேன், ஆணி தானாகத் திரும்பாமல் இருக்கக் கம்பி சுற்றினேன். சுற்றியதும் இன்னொருமுறை ஓரத்துக்குப் போக வேண்டி வந்தது. திரும்பி வந்தால் கருவி கப்பியில் தொங்குகிறது. மேடம் மாவுக்கட்டுக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “மிதவ சாக்கிள் இழுத்துப் பாத்தியா தம்பி?” என்றார்.

“பாத்துட்டேன் மேடம்.”

வழக்கமாக இந்த இடத்தில் அவர் வந்து இழுப்பார். அன்று வரவில்லை. கட்டுப் போட்ட கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“போவட்டும்.”

மஞ்சள் மிதவைகள் பச்சையாகி, கறுப்பாகி, இல்லாமல் போயின. கடைசிக் குமிழி உடைந்த பிறகுதான் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. திருகியது ஞாபகம் இருக்கிறது. இறுக்கியது இருக்கிறது. கம்பி சுற்றியது இருக்கிறது. ஓரத்துக்கு ஓடியதை மறக்கவே முடியாது. இழுத்துப் பார்த்தேனா?

அங்கேயிருந்து ஆரம்பித்தது. ராத்திரி கதவைச் சாத்தினால் தாழ்ப்பாளை இழுப்பேன். படுப்பேன். எழுந்துபோய் மறுபடி இழுப்பேன். சின்னதாக இரண்டு, பெரிசாக ஒன்று. காஸ் ட்யூபை இழுத்தேன். பைக்கின் சைடு லாக்கை இழுத்தேன். மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டு, “ஏங்க, அந்த மேடம் ஃபேன்ல தொங்கனப்ப சிரிச்சீங்க. இப்ப தாழ்ப்பா கையோட வந்துடுச்சுன்னா யாரு மாட்டறது?” என்றாள். கையோடு வந்தும் விட்டது. நான்தான் மாட்டினேன். மாட்டிவிட்டு இழுத்துப் பார்த்தேன்.

கடலோரம் போவதை விட்டேன். போனாலும் கண் மஞ்சளைத்தான் தேடும். மிதவை தனியாக மேலே வந்து எங்காவது ஒதுங்கியிருந்தால்? ஒருநாள் கரையில் தூரத்தில் மஞ்சளாக ஒன்று கிடந்ததைப் பார்த்து மூச்சு வாங்க ஓடினேன். மஞ்சள் சட்டை போட்ட ஒருத்தர் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுந்து, “என்னா வேணும்?” என்றார். “ஒண்ணும் இல்ல, நல்லா தூங்குங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தப் பெண் ஷெட்டுக்கு வரும்போதெல்லாம், “அண்ணே, அது பத்திரமா இருக்கும்லா?” என்பாள்.

“கல்லு மாதிரி இருக்கும்மா.”

சொல்லிவிட்டுப் போய் ஷெட்டுக் கதவின் கொண்டியை இழுத்துப் பார்ப்பேன். மேடத்துக்குக் கட்டு அவிழ்த்துவிட்டார்கள். அந்தச் சாக்கிளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததுதான் என்னைக் கொன்றது. அவர் என் பக்கம் பார்த்தால் ஸ்பேனர் தேடப் போவதுபோல் வெளியே போய்விடுவேன். அந்த வருடம் எங்கள் ஷெட்டில் ஸ்பேனர்கள் ரொம்ப அக்கறையாகத் தேடப்பட்டன.

ஐப்பசி பிறந்தது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி. நாளையிலிருந்து படகு போகக்கூடாது. மழைக்காலம் முடிந்து போகலாம் என்றால் கொக்கியின் பேட்டரி அதுவரை தாங்காது; பேட்டரி போனால் சத்தம் கேட்கிற காது போய்விடும். ஆக, அன்றைக்கு ஒரு நாள்தான். கிளம்பினோம். மேகம் தாழ்ந்து கிடந்தது. அன்றைக்கு எனக்கு வாந்தி வரவில்லை. அதற்கும் இடம் இல்லாமல் பயம் உள்ளே நிறைந்திருந்தது.

“எடம் இதுதான்” என்று டிரைவர் இன்ஜினைக் குறைத்தார். “போன தடவ சாரு சரியா இங்கதான் எடுத்தாரு.”

மேடம் சத்தம் அனுப்புகிற கருவியை ஒயரில் கட்டித் தண்ணீருக்குள் விட்டார். ஒயரை இழுத்துப் பார்த்தார். காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார்.

“இருக்கேன்னு சொல்லுது.”

அந்தப் பெண் என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். மேடம் இரண்டாவது சத்தத்தை அனுப்பினார்.

“தொறந்துட்டேன்னு சொல்லுது.”

எல்லோரும் தண்ணீரைப் பார்த்தோம். அங்கே ஆழம் ஒரு பனைமர உயரத்துக்கு மேல் கொஞ்சம். மிதவை வர ஒரு தம்ளர் டீ ஆறும் நேரம்கூட ஆகாது. ஆனது. அதற்கு மேலும் ஆனது. “அதோ!” என்று நான் கத்தினேன். எண்ணெய் கேன். “சாரு, அதுல டாக்டர் பட்டம் இருக்காது” என்றார் டிரைவர். யாரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை.

மேடம் மறுபடி சத்தம் அனுப்பி, கருவி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேட்டார். இறக்கிய அன்று சொன்ன அதே தூரத்தைத்தான் கொக்கி சொன்னது. கொக்கி விட்டுவிட்டது, கருவி அசையவில்லை.

“ரெண்டுல ஒண்ணு” என்றார் மேடம். “ஒண்ணு, மிதவ இல்ல. கழண்டு என்னிக்கோ போயிடுச்சு. இல்ல, மிதவ இருக்குது, எதுவோ புடிச்சி வெச்சிருக்குது.”

“முக்குளிச்சுப் பாக்க முடியாதா மேடம்?” என்றாள் பெண். 

“ஆளு சென்னையிலேர்ந்து வரணும். வந்தாலும் நாளைக்கு யாரு வுடறாங்க.”

டிரைவர் முன்பக்கத்திலிருந்து, “பாதாளக் கரண்டி போட்டு இழுப்போமா?” என்றார். கிணற்றில் விழுந்த வாளியை எடுப்போமே, அதேதான். படகில் இருப்பது பெரிசு. நீளக் கயிற்றில் கட்டி அடியோடு இழுத்துக்கொண்டு போனால் எதிலாவது மாட்டும்.

மேடம் அந்தக் கரண்டியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பிரச்சினை எனக்கும் புரிந்தது. மிதவை இருந்தால் கரண்டி கயிற்றிலோ மிதவையிலோ மாட்டும், தூக்கிவிடலாம். மிதவை இல்லை என்றால் அத்தனை பெரிய இரும்பு மொட்டைக் கருவியின் தலையில் போய் மோதும். உள்ளே இருக்கிற பெட்டி உடைந்து தண்ணீர் புகுந்தால் அந்தப் பெண்ணின் கணக்கு முழுக்க உப்புத் தண்ணீர்.

மேடம் என் பக்கம் திரும்பினார். படகில் தேடப் போக ஸ்பேனர் இல்லை.

“இழுத்துப் பாத்தியா தம்பி?”

“தெரியல மேடம்” என்றேன். அப்புறம் என்னால் நிறுத்த முடியவில்லை. “பாத்தேன்னுதான் சொன்னேன். ஆனா பாத்தேனான்னு தெரியல. திருகுனேன், கம்பி சுத்துனேன், அப்பறம் வாந்தி. மாசிலேர்ந்து யோசிக்கறேன் மேடம். எனக்கு அந்த எடம் மட்டும் வரவே மாட்டேங்குது. நான்தான் கழட்டி வுட்டுட்டேன், நீச்சல்கூடத் தெரியாது எனக்கு…” நீச்சல் எங்கே வந்தது என்று எனக்கே தெரியவில்லை. டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மேடத்தின் கை படகின் ஓரக் கயிற்றைப் பிடித்திருந்தது. இழுத்தது, விட்டது. இழுத்தது, விட்டது. கணக்கே இல்லாமல் அவர் இழுத்து அன்றுதான் பார்த்தேன்.

“வலது கையிலதானே கட்டு” என்றார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. “எடது கை சும்மாத்தான் இருந்துது. நான் எடது கையால இழுத்துருக்கலாம். நீ பாத்துட்டேன்னு சொன்ன, சரின்னு வுட்டுட்டேன். அன்னிலேர்ந்து ஒரு நாளு ஒழுங்கா தூங்கல நான். ஒன்னக் கேக்கலாம்னு பாத்தா நீ ஸ்பேனர் தேடப் போயிடற.”

 நான் தாழ்ப்பாளைப் பிடுங்கிக்கொண்டிருந்த அதே மாதங்களில் நெல்லித்தோப்பில் இன்னொரு வீட்டிலும் ஒருவர் விழித்துக் கிடந்திருக்கிறார்.

“மழ வருது” என்றார் டிரைவர் மெதுவாக.

மேடம் அந்தப் பெண்ணைப் பார்த்தார். “ஒன்னுது. நீதான் சொல்லணும் பாப்பா. போட்டா ஒடையலாம். போடலன்னா இங்கியே கெடக்கும்.”

அவள் மேடம் பக்கம் திரும்பினாள். “நீங்க என்ன நெனைக்கிய மேடம்?”

“இவன் எத மறந்தாலும் கயித்த உடமாட்டான்” என்றார் மேடம். “பாத்திருப்பான்.”

“அப்ப போடுங்க.”

கரண்டி இறங்கியது. டிரைவர் அகலமாக வட்டம் போட்டார். மேடம் கயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அடியில் அது சேற்றில் உரசுவது கயிறு வழியாகக் கைக்குத் தெரியுமாம். ஒரு வட்டம் போனது. தூறல் ஆரம்பித்தது. வட்டத்தைச் சுருக்கினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடினால் கண்ணுக்குள் சிவப்பாகத் தெரிய வேண்டும், எனக்கு மஞ்சளாகத் தெரிந்தது.

“நிறுத்து!” என்றார் மேடம்.

கயிறு விறைத்தது. படகின் பின்பக்கம் தாழ்ந்தது. மோதிய மாதிரி இருந்ததா, மாட்டிய மாதிரி இருந்ததா என்று நான் கேட்டேன். “சும்மா இரு” என்றார். கயிற்றைச் சுற்றி மேலே இழுக்கிற வின்ச்சை மெதுவாகச் சுற்றச் சொன்னார். பாரம் ஏறியது. நீலமாக ஏதோ தெரிந்தது. எங்களுடையதில் நீலம் எதுவும் கிடையாது. அந்தப் பெண் வாய்க்குள் என்னமோ சொன்னாள். நீலம் பெரிசாகிக்கொண்டே வந்தது: சேறும் நண்டும் ஈயக் குண்டுகளுமாக ஒரு நைலான் வலை, முழு வலை. டிரைவர் எட்டிப் பிடித்து அதை ஒதுக்கினார். ஒதுக்கிய இடத்தில், சிப்பி ஒட்டி அழுக்கேறி, ஒரு மஞ்சள் மிதவை. அதை ஒட்டி இன்னொன்று. அதற்குக் கீழே, கழுத்து வரை சேறு பூசிக்கொண்டு, கருவி.

அந்தப் பெண் அதைக் கட்டிக்கொண்டாள். சேறு, சிப்பி எதையும் பார்க்கவில்லை. டிரைவர், “டாக்டரம்மா, நண்டு கடிக்கும்” என்றார். நான் தளத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான், இத்தனை நேரம் வழிவிட்டுக் காத்திருந்த வாந்தி வந்தது.

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். யாரோ அறுத்துவிட்ட வலை ஒன்று ஓட்டத்தோடு வந்து எங்கள் மிதவைகளின் மேல் படுத்துவிட்டது. கொக்கி ஒழுங்காகத் திறந்தது, மிதவைகள் ஒழுங்காகக் கிளம்பின, வலை விடவில்லை. பெட்டிக்குள் சொட்டுத் தண்ணீர் போகவில்லை. வலை வந்து விழுந்த நாள்வரைக்கும் கணக்கு சுத்தமாக இருந்தது, அந்தப் பெண்ணுக்கு அது போதுமாக இருந்தது. நான் மாட்டிய ஆணி கழலவில்லை. கழற்றவும் முடியவில்லை: மறுநாள் ஷெட்டில், மழைக்கு நடுவே, மேடமும் நானும் மாறி மாறி அறுத்து, இரண்டு ஹேக்ஸா பிளேடு உடைந்து, மூன்றாவதில்தான் அது வந்தது.